பள்ளிக்கூடத்த விட்டு நிக்கப் பார்த்த பையனுக்கு மென்டரா இருந்தேன், முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்

ஒரு குழந்தைக்கு மென்டரா, அதாவது கூட இருந்து வழி காட்டுற ஆளா இருக்கேன்னு பேர் குடுக்கும்போது எல்லாரும் சொல்றது ஒரே விஷயம்தான், வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும், போய் பேசுங்க, ஊக்கம் குடுங்க, அவ்ளோதான். அந்த ஒரு மணி நேரம் எப்படி மூணு வருஷம் இழுத்துச்சு, அதுல எவ்ளோ காசு போச்சு, எத்தன லீவு போச்சு, எத்தன ராத்திரி தூக்கம் இல்லாம கெடந்தேன்னு இப்ப உக்காந்து நெனச்சா கொஞ்சம் மலைப்பாதான் இருக்கு. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா நான் வேண்டாம்னு ஒதுங்கியிருக்க மாட்டேன், ஆனா வேற மாதிரி தயாரா வந்திருப்பேன். இந்த மாதிரி ஒரு வேலைக்கு பேர் குடுக்கலாம்னு யோசிச்சிட்டு இருக்கவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், ஏற்கனவே உள்ள மாட்டிக்கிட்டு முழிச்சிட்டு இருக்கவங்களுக்கும்தான்.

ஒரு தன்னார்வ அமைப்பு மூலமாதான் போனேன், பேர் வேண்டாம். அரை நாள் பயிற்சி குடுத்தாங்க, குழந்தைங்க கிட்ட எப்படி கண்ணப் பார்த்து பேசணும், எப்படி பாராட்டணும்னு ஸ்லைடு போட்டு காட்டினாங்க. அதுக்கப்புறம் ஒரு ஃபைல் குடுத்தாங்க. பையனுக்கு 13 வயசு, எட்டாவது. அப்பா விட்டுட்டுப் போயிட்டாரு, அம்மா ஆபீஸ் கட்டடங்கள்ல ராத்திரி ஷிஃப்ட்டுல கிளீனிங் வேலை, கீழ ஒரு தங்கச்சி, அதுக்கு அப்ப மூணு வயசு. பிரச்சினைன்னு இருந்த கட்டத்துல ‘படிப்பில் ஆர்வம் இல்லை’ன்னு ஒரே வரி. மொத கொஞ்ச மாசம் அந்த வரிய நம்பித்தான் நானும் பேசிட்டு இருந்தேன், பெரிய ஆளானா என்னவா ஆகணும், கணக்கு ஏன் முக்கியம், இந்த மாதிரி. அவன் எல்லாத்துக்கும் "சரிக்கா"ன்னு சொல்லுவான். கணக்கு என்னைய விட நல்லா போடுவான்ங்கறது வேற விஷயம், மனசுக்குள்ளயே கூட்டிப் பெருக்கி விடை சொல்லிடுவான். ஆர்வம் இல்லாத பையன் இல்ல இவன்னு அப்பவே ஒரு உறுத்தல் இருந்துச்சு.

வழி காட்டுனது அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்தான். ஒரு நாள் கிளாஸ் டீச்சர் வேற எதையோ தேடும்போது அந்தப் பக்கம் தெறந்து கெடந்துச்சு, சும்மா பார்த்தேன், அவன் பேருக்கு நேரா திங்கக்கிழமை எல்லாம் ஆப்சென்ட். டீச்சர்கிட்ட கேட்டா "அடிக்கடி லீவு போடுவான்"னு சொன்னாங்க, அவங்க கையிலதான் ரெஜிஸ்டரே இருக்கு, ஆனா நாப்பது பேருக்கு தெனம் டிக் போடுறவங்களுக்கு ஒருத்தனோட திங்கக்கிழமை கண்ணுல படாது. அப்புறம்தான் இதப் பத்தி படிக்க ஆரம்பிச்சேன். பள்ளி நாள்ல பத்துல ஒரு பங்கு வராம போனாலே அத தொடர் வருகையின்மைன்னு எடுத்துக்குறாங்க. வருஷத்துக்கு 180 நாள் பள்ளிக்கூடம்னா 18 நாள், அதாவது மாசத்துக்கு சுமார் ரெண்டு நாள். மாசத்துக்கு ரெண்டு நாள்னா யார் கண்டுக்குவா சொல்லுங்க. ராபர்ட் பால்ஃபான்ஸ்னு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் அவரு கூட இருந்தவங்களும் ஃபிலடெல்ஃபியாவுல ஆறாவது படிக்கிற பசங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்திருக்காங்க, வருகை கொறையறது, நடத்தையில சிக்கல், கணக்குலயோ மொழிப் பாடத்துலயோ ஃபெயில், இதுல ஒண்ணு ஆறாவதுலயே இருந்தாலும் பின்னாடி படிப்ப முடிக்காம போறதுக்கு அது பெரிய அறிகுறின்னு 2007-ல கட்டுரை போட்டாங்க. ஆறாவதுல! நாமெல்லாம் பத்தாவதுல வந்து பையன் நின்னுட்டான்னு ஓடுறோம். அதனால மென்டரா போறவங்க மொத நாளே ரெஜிஸ்டரக் கேளுங்க, பெத்தவங்க சம்மதத்தோட, டீச்சர் அனுமதியோட. மொத்தம் எத்தன நாள்னு பார்க்குறதோட விடாதீங்க, எந்தக் கிழமை, எந்தப் பீரியட், மாசத்துல எந்த வாரம்னு பாருங்க. காரணம் அதுக்குள்ளதான் இருக்கும்.

சரி, திங்கக்கிழமை ஏன் வரலன்னு கேட்டேன். காய்ச்சல்னான். அடுத்த தடவ வயித்து வலி. அந்தப் பக்கமா கேட்டா எந்தக் குழந்தையும் காய்ச்சல்னுதான் சொல்லும், ஏன்னா அது விசாரணை மாதிரி இருக்கு, ஏற்கனவே பள்ளிக்கூடத்துல நாலு பேரு அதே கேள்வியக் கேட்டு திட்டியிருப்பாங்க. ரொம்ப நாள் கழிச்சு ஒரு தடவ வேற எதையோ பேசிட்டு இருக்கும்போது "ஞாயித்துக்கெழம ராத்திரி வீட்ல என்னடா பண்ணுவீங்க"ன்னு கேட்டேன். அப்பதான் வந்துச்சு. பக்கத்து வீட்டு ஆளு கூட மொத்த வியாபார மார்க்கெட்டுக்குப் போய் லாரியில இருந்து லோடு இறக்குவானாம், விடிஞ்சுதான் வீட்டுக்கு வருவானாம், வந்து தூங்கிடுவான். அந்தக் காசு வாடகைக்கு. 13 வயசு பையன், மூட்டையத் தூக்கிட்டு ராத்திரி முழுக்க. எனக்கு உள்ளுக்குள்ள என்னவோ பண்ணிடுச்சு, அவன் மட்டும் சாதாரணமா சொல்லிட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டான். இங்க ஒண்ணு சொல்லணும், குழந்தை ஒரு விஷயத்த சொல்றதுக்கு முன்னாடியே, பழக ஆரம்பிச்ச காலத்துலயே தெளிவா சொல்லி வைக்கணும், நீ சொல்றத நான் வெளிய சொல்ல மாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுனா பொறுப்பானவங்க கிட்ட சொல்லித்தான் ஆவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்னு. பயிற்சியில குடுத்ததுல உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான், அது எனக்கு உதவுச்சு.

அவன்கிட்ட சொல்லிட்டு அமைப்போட ஒருங்கிணைப்பாளருக்கு ஃபோன் பண்ணேன். அவங்க வேலைய விட்டே போயிருந்தாங்க. புதுசா வந்தவரு "பார்க்குறோம் மேடம்"னாரு, அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல. அன்னைலேர்ந்து நான் தனிதான். பேர் குடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டியது இதுதான்: சிக்கல்னா நான் யார்கிட்ட சொல்லணும், அவங்க இல்லன்னா யாரு, எத்தன நாளுக்குள்ள பதில் வரும், குழந்தை பாதுகாப்புன்னு தனியா ஒரு ஆள் இருக்காங்களா. இதுக்கு பதில் சொல்லத் தெரியாத எடத்துல சேராதீங்கன்னே சொல்லுவேன். ஏன்னா கடைசியில எல்லாம் உங்க தலையில வந்து விழும், குழந்தையோட நிலைமை உங்க ஒருத்தரோட தாக்குப்பிடிக்கிற சக்தியில தொங்கும், அது அந்தக் குழந்தைக்கும் நியாயம் இல்ல.

பையனோட அம்மாவப் போய்ப் பார்த்தேன். குழந்தையப் புடிச்சிட்டுப் போக வந்த ஆளுன்னு நெனச்சு கதவப் பாதிதான் தெறந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு உக்காரச் சொன்னாங்க. "நானா மேடம் படிக்க வேணாங்கறேன், வாடகை கேக்குறவருல்ல சொல்றாரு"ன்னாங்க. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. படிப்போட அருமை தெரியாதவங்கன்னு நாம பேசுறோம்ல, அந்தம்மா தான் வேலை பார்க்குற ஆபீஸ்ல யாரோ தூக்கிப் போட்ட ஒரு பக்கம் அச்சடிச்ச பேப்பரெல்லாம் எடுத்துட்டு வந்து பின்பக்கம் எழுதுறதுக்காக தச்சு வெச்சிருந்தாங்க. அன்னைலேர்ந்து பெத்தவங்களுக்கு அறிவுரை சொல்றத நிறுத்திட்டேன்.

இப்ப காசு விஷயத்துக்கு வரேன். வாடகை பாக்கி சேர்ந்துபோய் வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. காலி பண்ணா வேற ஏரியா, வேற பள்ளிக்கூடம், அதோட படிப்பு போச்சு. நான் குடுக்குறேன்னு சொன்னேன். வாடகை ஒப்பந்தம் அந்தம்மாவோட தம்பி பேர்ல இருந்துச்சு, அதனால அவரு கையில குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். அந்தாளு தன் கடன அடைச்சிட்டாரு. வீட்டு ஓனரு திரும்ப வாடகை கேட்டு வந்து நின்னாரு, திரும்பவும் நானே கட்டுனேன். ரெண்டும் சேர்த்து என் ஒரு மாசச் சம்பளத்துக்கு மேல. ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல, அவ்ளோ கோவம், ஏமாந்துட்டோம்ங்கற அவமானம் வேற, வீட்ல சொன்னா திட்டுவாங்கன்னு சொல்லவும் இல்ல. ஆனா போன காச விட பெருசா ஒண்ணு நடந்துச்சு, காசு குடுத்ததுக்கப்புறம் அந்தப் பையன் என் மூஞ்சியப் பார்க்குறத விட்டுட்டான். அதுக்கு முன்னாடி "நேத்து வரலக்கா, தூங்கிட்டேன்"னு உண்மையச் சொன்னவன், அதுக்கப்புறம் பொய் சொல்ல ஆரம்பிச்சான். ஏன்னா இப்ப நான் காசு குடுத்தவ, எனக்கு அவன் கடன்பட்டவன், லீவு போட்டா எனக்குத் துரோகம் பண்ண மாதிரி அவனுக்கு ஆயிடுச்சு. அந்தப் பழைய பேச்சு திரும்ப வர பல மாசம் ஆச்சு. அதனால காசு தேவைன்னா மொதல்ல அரசு உதவியோ பள்ளிக்கூட நிதியோ வேற அமைப்போ இருக்கான்னு அலைஞ்சு பாருங்க, அந்த அலைச்சல்தான் மென்டரோட வேலை, விண்ணப்பம் எழுதுறது, சான்றிதழ் வாங்க கூடப் போறது, க்யூவுல நிக்கிறது. அதுக்கு மேலயும் நீங்கதான் குடுத்தாகணும்னா நேரா யாருக்குப் போகணுமோ அவங்களுக்கே கட்டி ரசீது வாங்குங்க, வேற யாரு கையிலயும் குடுக்காதீங்க, முடிஞ்சா குழந்தைக்குத் தெரியாம பண்ணுங்க.

ஒன்பதாவது ஆரம்பத்துல அவங்க அம்மா உடம்புக்கு முடியாம படுத்துட்டாங்க. பையன் மொத்தமா நின்னுட்டான். தங்கச்சியப் பார்த்துக்க ஆள் இல்ல, சம்பாதிக்கவும் ஆள் இல்ல. பள்ளிக்கூடத்துல இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், வரலன்னா பேர எடுத்துடுவோம்னாங்க. நான் ஆபீஸ்ல அரை நாள் அரை நாளா லீவு போட்டு ஓடிட்டு இருந்தேன், மேனேஜர் "உங்க சொந்தக்காரப் பையனா"ன்னு ரெண்டு மூணு தடவ கேட்டுட்டாரு, அந்த வருஷம் அப்ரைசல்ல அது நல்லாவே தெரிஞ்சுச்சு. உண்மையச் சொல்லணும்னா விட்டுடலாம்னு இருந்தேன். எனக்கென்ன தலையெழுத்து, யாரோட பையனோ, அவன் அம்மாவே கண்டுக்கல (அந்தம்மா படுக்கையில கெடக்குறாங்க, அப்படியெல்லாம் அநியாயமா தோணுச்சு). அந்த மாதிரி ஒரு ராத்திரியிலதான் ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் ரெண்டு பேரும் 2002-ல எழுதுன ஆராய்ச்சியப் பார்த்தேன். 10-லேர்ந்து 16 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு மென்டர் போட்டு எவ்ளோ நாள் அது நீடிச்சுதுன்னு பார்த்திருக்காங்க. ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ நீடிச்ச எடத்துலதான் நல்ல பலன், கொறைய கொறைய பலனும் கொறையுது, மூணு மாசத்துக்குள்ள உடைஞ்சு போன எடத்துல குழந்தைங்களோட தன்மதிப்பு முன்ன இருந்ததையும் விட இறங்கியிருக்கு. அதாவது பாதியில விட்டுட்டுப் போறது சும்மா இருக்கறத விட மோசம். படிச்சதும் எனக்கு வந்தது கோவம்தான். இத ஏன் பேர் குடுக்குற அன்னைக்குச் சொல்லல? ஏற்கனவே அப்பா விட்டுட்டுப் போன பையனுக்கு நான் அடுத்த ஆளா ஆகப் போறேனான்னு யோசிச்சதும் விடவும் முடியல. ஒரு வருஷம் கண்டிப்பா இருப்பேன்னு உறுதியா சொல்ல முடியாதவங்க தயவுசெஞ்சு மென்டரா போகாதீங்க, உதவறதுக்கு வேற ஆயிரம் வழி இருக்கு, லைப்ரரியில புக் அடுக்கலாம், ஃபார்ம் ஃபில்லப் பண்ணிக் குடுக்கலாம், அதுவும் வேணும்தான்.

அப்புறம் தேடித் தேடிப் படிச்சதுல எனக்கு ரொம்ப உதவுனது செக் அண்ட் கனெக்ட்னு ஒரு முறை, 1990-ல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. பெருசா ஒண்ணும் இல்ல. மென்டர் ஒருத்தரு குறைஞ்சது ரெண்டு வருஷம் அதே குழந்தையோட இருக்கணும், பள்ளிக்கூடம் மாறுனாலும் கூடவே போகணும், வருகை, லேட்டு, மார்க்கு, நடத்தை எல்லாத்தையும் விடாம குறிச்சு வைக்கணும், எதுலயாவது இறக்கம் தெரிஞ்சா உடனே போய் நிக்கணும், வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவுல பேச்சு அறுந்து போகாம பார்த்துக்கணும். ஊக்கப் பேச்சுக்கு அதுல அவ்ளோ எடம் இல்ல, கணக்கெழுதுற வேலைதான் ஜாஸ்தி. நியூயார்க்ல 2010-லேர்ந்து 2013 வரைக்கும் இதே மாதிரி அடிக்கடி வராம போற பசங்களுக்கு பள்ளிக்கூடத்துக்குள்ளயே ஒரு மென்டர் போட்டாங்க, காலையில வாசல்ல பேர் சொல்லிக் கூப்புடுவாங்க, வரலன்னா வீட்டுக்கு ஃபோன், காரணம் கேட்டு அத சரி பண்ண ஆள் தேடுறது, இவ்ளோதான், அதுல ஒரு பையன் வருஷத்துக்கு சராசரியா 9 நாள் கூடுதலா வந்திருக்கான். ஒம்பது நாள்தானான்னு தோணும். மாசத்துக்கு ரெண்டு நாள் போறதுலதான் சரிவே ஆரம்பிக்குதுன்னு மேல சொன்னேன்ல, அத வெச்சுப் பார்த்தா அது சின்ன நம்பர் இல்ல.

இதுல எனக்குப் புரிஞ்சது, வெளியில இருக்க நான் ஒருத்தி மட்டும் பத்தாது, பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு ஆள் வேணும்னு. அறிவியல் சார் ஒருத்தரு இருந்தாரு, அதிகம் பேச மாட்டாரு, ஆனா பையன் வராத அன்னைக்கு எனக்கு ஒரு மெசேஜ் மட்டும் தட்டி விடுவீங்களான்னு கேட்டதுக்கு சரின்னாரு, அப்புறம் ஒரு நாள் கூட மறக்கல. ஹெட்மாஸ்டர்கிட்ட அவரும் நானும் சேர்ந்து போய்ப் பேசி, பேர எடுக்காம வெச்சிருக்கச் சொல்லி எழுதிக் குடுத்தோம். வாயால பேசிட்டு வந்துடாதீங்க, எழுத்துல குடுத்து நகல் வெச்சுக்கோங்க, அடுத்த மாசம் ஹெட்மாஸ்டர் மாறிட்டா பேச்சு காத்துல போயிடும். காலையில தங்கச்சியக் கொண்டுபோய் காப்பகத்துல விட்டுட்டு வரணும்ங்கறதால மொத பீரியட் லேட்டா வந்தா வெளிய நிக்க வைக்கக் கூடாதுன்னும் கேட்டு வாங்குனோம். காப்பகத்துல எடம் கெடைக்கிறதுக்குத்தான் அலைச்சல் ஜாஸ்தி. யோசிச்சுப் பாருங்க, இவன் படிப்புக்காக நான் செஞ்சதுலயே உருப்படியான காரியம் அவன் தங்கச்சிக்கு ஒரு எடம் புடிச்சது.

திரும்ப வந்த மொத நாள் என்னாச்சு தெரியுமா. காலையில வாசல் வரைக்கும் நான் கூடவே போனேன், நல்லாத்தான் உள்ள போனான். ரெண்டாவது பீரியட் வந்த வேற ஒரு டீச்சர் "அடேங்கப்பா, வாங்க சார், வழி தெரிஞ்சுதா"ன்னு சொல்லி கிளாஸே சிரிச்சிருக்கு. மத்தியானம் பையக் கூட எடுக்காம கெளம்பிப் போயிட்டான். இத்தன மாச உழைப்பு ஒரு நக்கல்ல. அந்த டீச்சர் கெட்டவங்கன்னும் சொல்ல மாட்டேன், விளையாட்டாதான் சொல்லியிருப்பாங்க, ஆனா எல்லார் கண்ணும் தன் மேலதான் இருக்குன்னு கூசிப்போய் வர பையனுக்கு அது விளையாட்டு இல்ல. ரெண்டாவது தடவ கூட்டிட்டு வரதுக்கு முன்னாடி அறிவியல் சார் அந்த கிளாஸுக்குப் போற ஒவ்வொரு டீச்சர்கிட்டயும் தனித்தனியா சொன்னாரு, எதுவும் கேக்காதீங்க, நேத்து வந்தவன் மாதிரி நடத்துங்கன்னு. அவன் ஃப்ரெண்டு ஒருத்தன வாசல்ல நிக்கச் சொல்லி கூட்டிட்டுப் போகச் சொன்னோம். பெரியவங்க கூட வரத விட அது நல்லா வேலை செஞ்சுச்சு. நின்ன குழந்தைய திரும்பச் சேர்க்குறவங்க மொத ஒரு வாரத்துக்கு தனியா திட்டம் போடுங்க, யாரு பக்கத்துல உக்காரப் போறான், விட்ட பாடத்துக்கு நோட்டு யாருது, மத்தியானம் யாரு கூட, எல்லாமே.

அந்த வருஷம் ஃபெயில்தான். ஒன்பதாவதுலயே திரும்ப உக்காரணும், தன்ன விட சின்னப் பசங்க கூட. அழுதான், அப்புறம் ரெண்டு நாள் வரல. நான் மார்க்கப் பத்திப் பேசவே இல்ல, கணக்குல மட்டும் வகுப்புல முன்னாடி வரட்டும், மத்ததெல்லாம் அப்புறம்னு சார்கிட்டயும் சொல்லிட்டேன். கணக்குல அவன்கிட்ட மத்த பசங்க டவுட்டு கேக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் வயசு வித்தியாசம் அவன உறுத்தல. ஞாயித்துக்கிழமை லோடு வேலை நிக்கிறதுக்கு இன்னும் நாள் ஆச்சு, அம்மா தேறி வேலைக்குப் போய், அந்த ஏரியா குழந்தை நல அலுவலர் வந்து பேசி, ஒரு உதவித்தொகை வர ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் நின்னுச்சு. அந்த அலுவலருக்கு சொல்றதுக்கு முன்னாடி பயமாத்தான் இருந்துச்சு, குடும்பத்தப் பிரிச்சிடுவாங்களோன்னு, அம்மாவும் நானும் சேர்ந்தே போனதால பரவால்லாம முடிஞ்சுச்சு.

சின்னச் சின்னதா சிலது. வாரத்துல ஒரே நாள், ஒரே நேரம் வெச்சுக்கோங்க, வர முடியலன்னா முன்னாடியே சொல்லுங்க, சொல்லாம ஒரு தடவ வராம இருந்தா குழந்தை தான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு எடுத்துக்கும். நாலு பேரு கண்ணுல படுற எடத்துல சந்திங்க, பூட்டுன ரூம் வேண்டாம், உங்க வீட்டுக்குத் தனியா கூட்டிட்டுப் போக வேண்டாம், குழந்தையோட பாதுகாப்புக்கும் சரி உங்களுக்கும் சரி. ஃபோட்டோ எடுத்துப் போடாதீங்க. என்ன வேணும்னாலும் என்கிட்ட கேளுன்னு சொல்லாதீங்க, அது காப்பாத்த முடியாத வாக்கு. உங்களுக்குன்னு பேச ஒரு ஆள் வெச்சுக்கோங்க, வேற மென்டரா இருந்தா நல்லது, நான் யாருமில்லாம உள்ளயே போட்டுப் புழுங்குனதுல உடம்பு கெட்டதுதான் மிச்சம்.

ஒரு வார்த்தையில வாழ்க்கையே மாறுச்சுன்னு வர கதைங்க எனக்கு இப்ப சுத்தமா புடிக்கல. 2011-ல டேவிட் டுபாய்ஸும் கூட இருந்தவங்களும் 73 மென்டரிங் திட்டங்கள ஒண்ணா வெச்சு அலசிப் பார்த்தாங்க, பலன் இருக்கு, ஆனா மிதமான பலன்தான்னு வந்துச்சு. எனக்கு அது ஆறுதலா இருந்துச்சு, ஏன்னா நான் பார்த்ததும் அப்படித்தான். இவன் ஒண்ணும் முதல் மார்க் எடுக்கல. இப்ப பத்தாவது படிக்கிறான், ஆங்கிலம் இன்னும் தகராறுதான், மாசத்துல ஒரு நாள் லீவு போடத்தான் செய்றான், போட்டா அன்னைக்கே காரணம் தெரிஞ்சிடுது.

எனக்கு வேற எடத்துக்கு மாற்றல் வந்திருக்கு. இத அவன்கிட்ட மூணு மாசம் முன்னாடியே சொல்லிட்டேன், எப்ப கெளம்புறேன், அதுக்கப்புறம் எந்தக் கிழமை ஃபோன் பண்ணுவேன், யாரு வரப் போறாங்கன்னு. புதுசா வரவங்கள ரெண்டு மாசமா கூடவே கூட்டிட்டுப் போறேன், பேச்ச அவங்ககிட்ட விட்டுட்டு நான் ஓரமா உக்காந்துடுறேன். ரெஜிஸ்டர்லேர்ந்து குறிச்ச நோட்டு, எழுதிக் குடுத்த கடிதங்களோட நகல், சார் நம்பர், காப்பகத்து நம்பர், உதவித்தொகை புதுப்பிக்க வேண்டிய மாசம் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு அவங்ககிட்ட குடுத்தாச்சு. அமைப்புல இன்னமும் ஃபோன் எடுக்கல, அதனால இந்த மாற்றத்த ஹெட்மாஸ்டருக்கும் அவன் அம்மாவுக்கும் எழுத்துலயே குடுத்திருக்கேன்.